சாவியும் பத்திரமும்

(மீஞ்சூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் குடும்ப ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்போது யாராவது ஒரு பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்பார்: "என்ன தம்பி, உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மாப்பிள்ளை "சிதம்பரந்தான்" என்பார். பெண் தலையைக் குனிந்துகொள்வாள். மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி. சிதம்பரம் என்றால் நடராசர் ஆட்சி. வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதுதான் கேள்வி.

இருபது வருஷத்துக்கு மேலாக எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் உள்ள குடும்பங்களின் வழக்குகளைக் கேட்டு வருகிறேன். என் முன்னால் வந்து உட்காரும் தம்பதியரில் பலருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். இருவரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். "அவர் சொல்றதுதான் மேடம் எங்க வீட்ல" என்பாள் அவள். "நான் சொல்றதுதான்" என்பான் அவன். யார் ஆள்வது, யார் அடங்குவது என்பதில் சண்டையே கிடையாது. அப்படியும் வந்து அழுகிறார்கள். விடை ஒன்றாக இருந்தும் சண்டை எங்கிருந்து வருகிறது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். தெற்கிலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை தனியாகப் பேசினாராம். "எனக்கு எதிர்த்துப் பேசற பொண்ணு ஒத்துவராது. அடங்கி நடக்கணும்" என்றாராம். அவளுக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் அவளே சொன்னாள்: "பதினெட்டு வயசுலேர்ந்து எங்க வீட்ல எல்லா முடிவும் நான்தான் மேடம் எடுத்தேன். அப்பா குடிகாரர். தம்பி ஃபீஸ், அம்மா ஆஸ்பத்திரி, எல்லாம் நான். ஒருத்தர் வந்து 'நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு'ன்னு சொன்னா எவ்ளோ நிம்மதின்னு நெனச்சேன்." சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணமான முதல் மாதமே ஏடிஎம் கார்டு கணவன் கைக்குப் போயிற்று. அதற்கும் அவள் வருத்தப்படவில்லை. பிறகு போன். பிறகு எந்தத் தோழியோடு பேசலாம் என்பது. பிறகு அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்பலாம், அனுப்பலாமா கூடாதா என்பது. ஐந்தாவது மாதம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது இரண்டாயிரம் ரூபாய்க்கு அவள் கெஞ்ச வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினாள். அவன் அதிர்ந்துபோனான். உண்மையாகவே அதிர்ந்துபோனான், நடிப்பில்லை. "அடங்கி நடக்கறேன்னு சொல்லித்தானே கட்டிக்கிட்ட? ஏமாத்திட்டியே" என்றான்.

அவன் பக்கத்தையும் நான் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. அவள் "அடங்குகிறேன்" என்று சொன்னபோது ஒரு பாரத்தை இறக்கி வைத்தாள். அவன் அதைக் கேட்டபோது ஒரு ஆளையே வாங்கிக்கொண்டான். நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, அவ உன்கிட்ட குடுத்தது வீட்டுச் சாவி. நீ வாங்கி வச்சுக்கிட்டது பத்திரம்." சாவியைக் கொடுத்தவர் வேண்டும்போது திரும்பக் கேட்கலாம். பத்திரத்தை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வீட்டில் நிற்கவே உரிமை இல்லை.

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததில்லை. நாட்டின் சட்டமே இதைப் பத்திரமாகத்தான் எழுதி வைத்திருந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அடுத்தவன் மனைவியோடு உறவு கொண்டால் குற்றம். ஆனால் அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை. படித்துப் பாருங்கள், மனைவியின் சம்மதம் என்ற பேச்சே அதில் இல்லை. நிலத்துக்காரனைக் கேட்டு நிலத்தில் இறங்குவது போல. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது, கணவன் மனைவிக்கு எசமான் இல்லை என்று சொல்லி. 158 வருஷம் ஆயிற்று அந்தப் பத்திரத்தைக் கிழிக்க. சட்டப் புத்தகத்தில் கிழித்தாயிற்று. பீரோவுக்குள் நகல் இன்னும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். திருவாலங்காடு தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அரக்கோணம் பாதையில் இறங்கிப் போகலாம். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. ஆண், பெண், ஆளுதல், அடங்குதல் என்ற இந்தச் சிக்கலைப் பற்றித் தமிழில் உள்ள இரண்டு பெரிய கதைகள் அந்த ஒரே ஊரில் வந்து முடிகின்றன. எனக்கு அது எப்போதும் வியப்புத்தான்.

முதல் கதை காளியும் சிவனும் ஆடிய போட்டி. அவர் ஆடியதை எல்லாம் அவள் ஆடினாள். காதிலிருந்து குழை விழுந்ததும் அவர் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி, மறுபடி காதில் மாட்டிக்கொண்டார். ஊர்த்துவ தாண்டவம். அவளால் முடியாததால் நிற்கவில்லை, வெட்கத்தால் நின்றாள் என்கிறது கதை. தோற்றதாகச் சொல்லிவிட்டார்கள். சிறுவயதில் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு என் பாட்டியிடம் கேட்டேன், "அப்படி ஒரு அடி வரும்னு காளிகிட்ட முன்னாடியே சொன்னாங்களா?" என்று. பாட்டி பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்த அடி வரையில் போகலாம் என்று பேசிக்கொள்ளாமல் தொடங்கிய ஆட்டத்தில், ஒருத்தி நின்றதைத் தோல்வி என்று எப்படி எண்ணுவது?

இரண்டாவது கதை காரைக்கால் அம்மையாருடையது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். புனிதவதி காரைக்காலில் வணிகர் மகள். கணவன் பரமதத்தன். ஒருநாள் அவன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு அவள் ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். மதியம் கணவன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் கொண்டு வா என்கிறான். கேட்ட சொல் கேட்டபடி நடக்கிற மனைவி. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள், கையில் பழம் வருகிறது. அவன் தின்றுவிட்டு, இது முன்னதைப் போல இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல், அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைகிறது.

அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது. அதே வீட்டில் இருந்துகொண்டு அவளைத் தொடாமல் நாள் கடத்துகிறான். பிறகு வாணிபம் என்று சொல்லிக் கப்பலேறுகிறான். பாண்டிய நாட்டில் ஒரு பட்டினத்தில் இறங்கி இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். உறவினர் விஷயம் தெரிந்து புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கூட்டிப் போகிறார்கள். அவன் இரண்டாம் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எதிரே வந்து, அவள் காலில் விழுகிறான். சுற்றத்தார் திகைக்கிறார்கள். மனைவி காலில் புருஷன் விழலாமா என்கிறார்கள். இவர் மானுடப் பெண் இல்லை, தெய்வம் என்கிறான் அவன்.

மேடைகளில் இந்த இடத்தைப் பக்திப் பரவசத்தோடு சொல்வார்கள். நானும் கண் கலங்கிக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் தொழிலில் ஊறிய பிறகு இந்தக் காட்சி வேறு மாதிரித் தெரிகிறது. பழத்தைக் கொண்டு வா என்று சொன்னபோது அவன் மேலே இருந்தான். காலில் விழுந்தபோது கீழே இருந்தான். ஆட்சி தலைகீழாக மாறிவிட்டது. மேலே இருந்த நாளிலும் சரி, கீழே விழுந்த நாளிலும் சரி, "உனக்கு என்ன வேண்டும் புனிதவதி?" என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளைப் பணியாளாக வைத்துக்கொள்ளத் தெரிந்தது. தெய்வமாக வைத்துக் கும்பிடத் தெரிந்தது. துணையாகப் பக்கத்தில் உட்காரவைக்கத் தெரியவில்லை. இவருக்காகச் சுமந்த இந்தச் சதை இனி எனக்கு எதற்கு என்ற பொருளில் அவள் இறைவனை வேண்டி, உடம்பை உதறிப் பேய் வடிவம் கொள்கிறாள். தலையால் நடந்து கயிலைக்குப் போய், அங்கிருந்து திருவாலங்காட்டுக்கு வந்து ஆடும் இறைவன் காலடியில் அமர்கிறாள். கடைசி வரைக்கும் அடியிலேயே இருக்கிறாள், பாருங்கள். ஆனால் அந்த அடியை அவளே கேட்டு வாங்கினாள். கயிலையில் இறைவனே அவளை அம்மையே என்று கூப்பிட்டார்.

அடங்குதல் என்பதே இழிவு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராததற்கு இந்தக் கதைதான் காரணம். சிலருக்கு ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பதில் ஆழ்ந்த நிறைவு இருக்கிறது. பக்தியில் இருக்கிறது, காதலிலும் இருக்கிறது. அதைக் கேவலம் என்று சொல்ல நான் யார்? ஒப்படைத்தவர் எதை ஒப்படைத்தார், எதுவரைக்கும் என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

வெளிநாட்டிலிருந்து ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். லண்டன். விக்டோரியா மகாராணி காலம். ஆர்தர் மன்பி என்று ஒருவர். வழக்கறிஞருக்குப் படித்தவர், கவிதை எழுதுவார், வசதியான குடும்பம். ஹன்னா கல்விக் என்ற பெண் 1833இல் பிறந்தவள், எட்டு வயதிலிருந்து வீட்டு வேலை. பாத்திரம் தேய்ப்பது, அடுப்புக் கரி அள்ளுவது, படிக்கட்டு கழுவுவது. 1854இல் இருவரும் சந்தித்துக் காதலித்தார்கள். அந்தக் காதலின் வடிவம் வித்தியாசமானது. அவள் அவருக்கு அடிமையாக இருப்பதை இருவருமே விரும்பினார்கள். கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் ஒரு சின்னப் பூட்டு. சாவி அவரிடம். அவர் கேட்டுக்கொண்டபடி அன்றாடம் செய்த வேலைகளை அவள் டயரியில் எழுதி அவருக்கு அனுப்பினாள். பதினெட்டு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

1873 சனவரியில் யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சீமாட்டியைப் போல உடுத்தி, கையுறை மாட்டி, தன்னோடு பிரான்சுக்கு வர வேண்டும், மனைவியாகப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வெளியாட்கள் முன்னால் வேலைக்காரியாகவும் இருக்க வேண்டும், வீட்டுக்குள் சீமாட்டியாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் கேட்டால், "வேலைக்காரியைப் பெண்டாட்டி ஆக்கினாரே, எவ்வளவு பெரிய மனசு" என்போம். ஹன்னாவுக்கு அது பிடிக்கவில்லை. சீமாட்டி வேடம் அவளுக்குச் சிறையாக இருந்தது. தன் கையால் உழைத்துத் தின்பதில் அவளுக்குப் பெருமை. அவர் காலைக் கழுவிவிட அவள் தயார், ஆனால் தன் உழைப்பாளி வாழ்க்கையை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்தப் பெண் எசமானின் அந்த ஒரு உத்தரவுக்கு மட்டும் கடைசிவரை அடங்கவில்லை. 1877இல் பிரிந்து போய்விட்டாள். பிறகும் அன்பு அறவில்லை. அவர் அவளைத் தேடிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1909இல் அவள் இறந்தாள். அடுத்த வருஷமே அவரும். அவள் டயரிகள் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன.

இந்தக் கதையில் என்னைத் தைப்பது சாவிதான். பூட்டின் சாவி அவரிடம் இருந்தது. அதனால் ஹன்னா முழுதும் தன் கையில் இருப்பதாக அவர் நினைத்துவிட்டார். கழுத்துச் சங்கிலிக்குத்தான் அவள் சாவி கொடுத்திருந்தாள். தான் யாராக இருப்பது என்பதற்குக் கொடுக்கவில்லை. இருவரும் காதலித்தார்கள், எழுதினார்கள், கட்டுக்கட்டாக எழுதினார்கள். அப்படி எழுதியவர்களுக்கே இந்த ஒன்று பிடிபடவில்லை என்றால், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வேலைக்குப் போகிற நம் வீடுகளில் எப்படிப் பிடிபடும்?

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்று லிவிவ் என்று சொல்லும் லெம்பர்க் நகரில் பிறந்த சாகர் மாசோக் என்ற எழுத்தாளர் பெண்ணுக்கு அடிமையாக இருப்பதில் இன்பம் கண்டவர். 1869இல் ஒரு பெண்ணோடு, ஆறு மாதம் உன் அடிமையாக இருக்கிறேன் என்று எழுத்தில் ஒப்பந்தமே போட்டார். அவர் பேரிலிருந்துதான் மாசோக்கிசம் என்ற சொல்லை ஒரு மனநல மருத்துவர் உண்டாக்கினார். அந்த ஒப்பந்தத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, இருவரும் பேசிப் போட்டது, காலவரையறை இருந்தது. ஆனால் 1873இல் கட்டிக்கொண்ட மனைவியிடமும் அதே வேடத்தை எதிர்பார்த்தார். சாட்டையை எடு, என்னை ஆட்டிவை. அவளுக்கு அதில் ஆசை இல்லை. தனக்குப் பிடிக்காததைக் கணவர் நச்சரித்துச் செய்யவைத்தார் என்று 1906இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் குமுறி எழுதினாள். கையில் சாட்டை இருந்தது அவளிடம், ஆட்டிவைத்தது அவர். காலடியில் கிடப்பவர்தான் அடங்கியவர் என்று நம்பிவிடக் கூடாது.

இதையெல்லாம் மீஞ்சூரில் வந்து ஏன் சொல்கிறீர்கள் என்று முன்வரிசை ஐயா முகத்தில் கேள்வி தெரிகிறது. சொல்கிறேன் ஐயா. என்னிடம் வரும் ஆண்களில் சிலர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்கள். "மேடம், எனக்கு முடிவெடுக்கவே பிடிக்கல. அவ சொன்னா நான் செஞ்சிடுவேன். அதுதான் எனக்குச் சந்தோஷம். வெளிய சொன்னா சிரிப்பாங்க." உலையில், கிரேனில், கப்பல் தளத்தில் பன்னிரண்டு மணி நேரம் சூப்பர்வைசர் வாயில் விழுந்து வருகிறவர்கள். வீட்டில் யார் மீதாவது சாய வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நம் ஊர் அவனுக்கு வைத்திருக்கும் பேர் பொண்டாட்டிதாசன். திருவள்ளுவரே பெண்வழிச் சேறல் என்று 91ஆம் அதிகாரம் முழுவதையும் இப்படிப்பட்ட ஆணைக் கண்டிக்கத்தான் வைத்தார். வள்ளுவரை வணங்குகிறேன். அந்த அதிகாரத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே வள்ளுவர்தான் புத்தகத்தை ஊடலுவகையில் கொண்டுபோய் முடித்தார், ஊடலில் பணிந்தவருக்கே கூடலில் மேல்கை என்று. அந்த வள்ளுவரோடு எனக்கு முழு உடன்பாடு.

அப்படிப்பட்ட ஒருவரின் மனைவியையும் கேட்டேன். அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. "பால் வாங்கறதுலேர்ந்து சீட்டு கட்றது வரைக்கும் என்னையே கேக்கறார். 'நீ சொன்னா சரி'ங்கறார். ஊர்ல எல்லாரும் 'உனக்கென்னடி ராஜாத்தி'ங்கறாங்க. எனக்கு ஒரு நாளாச்சும் யாராச்சும் எனக்காக யோசிக்கணும்னு இருக்கு." அவன் தன்னை அவளுக்குக் காணிக்கையாகக் கொடுத்ததாக நினைக்கிறான். அவள் தலையில் இன்னொரு பிள்ளையை ஏற்றிவிட்டதாக நினைக்கிறாள். ஆட்சி பண்ணுவது என்பது வேலை, அம்மா. எல்லாரும் அதைப் பதவி என்றே நினைக்கிறார்கள். மதுரையில்கூட மீனாட்சி ஆண்டு முழுவதும் ஆள்வதில்லை. சித்திரையில் பட்டாபிஷேகம், செங்கோல் அவள் கையில். ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டம் சூட்டுகிறார்கள், செங்கோல் கைமாறுகிறது. எந்த மாதம் யார் கையில் என்று ஊருக்கே தெரியும். நம் வீட்டில் அந்த ஆவணி எப்போது வரும் என்று யாராவது பேசியிருக்கிறோமா?

இப்போது சிதம்பரத்துக்குப் போக வேண்டும். ஆண் ஆட்சிக்கு நாம் பேர் வைத்திருக்கும் அந்த ஊரில் ஒரு குயவர் இருந்தார். திருநீலகண்ட நாயனார். பரத்தை வீட்டுக்குப் போய்வந்தார். மனைவிக்குத் தெரிந்தது. அவள் சமைத்தாள், வீட்டு வேலை எல்லாம் செய்தாள், ஆனால் அவர் நெருங்கி வந்தபோது, எம்மைத் தொடாதீர், திருநீலகண்டத்தின் மேல் ஆணை என்றாள். ஒரே சொல். அவர் உயிராக நினைத்த சொல். நின்றுவிட்டார். 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று பன்மையில் சொன்னாளே, அப்படியானால் எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது என்று எடுத்துக்கொண்டார். அதே வீட்டில், வெளியே யாருக்கும் தெரியாமல், இருவரும் கிழவர்களாகும் வரைக்கும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள். கடைசியில் இறைவன் வந்து சோதித்தபோதும் ஆளுக்கு ஒரு முனையாக மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டுதான் குளத்தில் இறங்கினார்கள். இளமையோடு எழுந்தார்கள்.

ஆளுதலையும் அடங்குதலையும் விரும்பியே தங்கள் உறவின் வடிவமாக ஏற்கும் தம்பதியர் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள், நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அதைப் பொறுப்போடு செய்பவர்கள் முதலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எது சம்மதம், எது ஒருபோதும் கூடாது என்று. பிறகு ஒரு நிறுத்துச் சொல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் எல்லாம் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, கோபப்படக் கூடாது. இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடனே திருநீலகண்டம்தான் ஞாபகம் வந்தது. ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னால் சேக்கிழார் நமக்கு ஒரு நிறுத்துச் சொல்லைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாம் அதைப் பாராயணம் செய்தோம், படுக்கையறை வரைக்கும் கொண்டுபோகவில்லை.

கொண்டுபோகாததன் விலை தெரியுமா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் அது 29. படித்த மாநிலம், தொழில் மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு 38. அந்த வீடுகளில் அவள் சொன்ன "வேண்டாம்" எங்கே போயிற்று? 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் வற்புறுத்தி உறவு கொள்வது வன்புணர்ச்சி ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பத்திரத்தை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. இது எனக்கு ஆறாத கோபம். ஆனாலும் 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கையில் இருக்கிறது. அடி உதை மட்டும் அதில் வன்முறை இல்லை. பாலியல் கொடுமையும் வன்முறைதான், சம்பளத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் வன்முறைதான். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். தங்கைகளே, எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பயத்தால் அடங்கியிருப்பவளையும் விருப்பத்தால் அடங்கியிருப்பவளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். இருவரும் தலை குனிந்திருப்பார்கள், இருவரும் "அவர் சொல்றதுதான்" என்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வியில் கண்டுபிடிப்பேன். "நீ வேண்டாம்னு சொன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்பேன். ஒருத்தி சட்டென்று, "விட்டுடுவார் மேடம், கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்" என்பாள். இன்னொருத்தி பேசாமல் கதவைப் பார்ப்பாள்.

1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்ததை இங்கே பெரியவர்கள் அறிவீர்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதை இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லியே மணம் செய்துகொள்ளலாம் என்பது. இருவருக்கும் புரியும் மொழி! புரியாத மந்திரத்தை விட்டு வெளியே வந்தோம், தமிழில் சொன்னோம். ஆனால் "அடங்கி நடக்கணும்" என்ற தமிழ் இருவருக்கும் புரிந்ததா? "பாத்துக்கறேன்" என்ற தமிழ் புரிந்ததா? அவன் அகராதி வேறு, அவள் அகராதி வேறு.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்துத் தனித்தனியே உட்காரவைப்பேன். எந்த முடிவுகளை மனசார அவரிடம் விட்டுவிட்டாய், எதைப் பயந்துபோய் விட்டாய், எதை உயிர் போனாலும் விடமாட்டாய் என்று எழுதச் சொல்வேன். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். பிறகு தாள்களை மாற்றிக்கொடுப்பேன்.

முதலில் சொன்னேனே, ஏடிஎம் கார்டு கொடுத்த பெண், அவளுக்கும் அவனுக்கும் கொடுத்தேன். அவன் பக்கம் நிறைய எழுதினான். கடைசியில், "தினமும் மீஞ்சூர் ஸ்டேஷனில் அவளுக்காக வண்டியோடு நிற்கிறேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இதைவிட என்ன செய்ய?" என்று எழுதியிருந்தான். அவள் நாலைந்து வரிதான். பணத்தைப் பற்றி ஒன்று, அம்மாவைப் பற்றி ஒன்று. கடைசி வரி இது: "ஸ்டேஷன்ல நிக்க வேணாம். முதல்ல ஆசையா இருந்துச்சு. இப்ப நான் எந்த ரயில்ல வரேன்னு பாக்கத்தான் நிக்கறார்னு தோணுது."

அவன் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். அழுதான். "ஆசையிலதான் நின்னேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த ரயில்னும் பாத்தேன்" என்றான். இரண்டுமே உண்மை. அன்றைக்கு அவன் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவனை நான் மதிக்கிறேன்.

கார்டு இப்போது அவளிடம் இருக்கிறது. வீடு வாங்குவது, கடன் வாங்குவது, எந்த ஊரில் இருப்பது, இதெல்லாம் அவனே முடிவு செய்யட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த ஆசை அவளுக்கு மாறவில்லை. அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் அவன் தலையிடுவதில்லை. பகல் ஷிப்ட் நாட்களில் அவள் ரயிலிறங்கி, பழம் வாங்கி, ஆற அமரத் தனியாக நடந்து வீடு வந்து சேர்கிறாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு வண்டியில் வரும் வாரங்களில் மட்டும் மத்தியானமே போன் பண்ணிச் சொல்கிறாள், "ஏங்க, இன்னிக்கு வந்து நில்லுங்க" என்று. அவன் வந்து நிற்கிறான்.